சாயம் போகும், உப்பு போகாது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையில் காசுக்குப் பதிலாகக் கைமாறிய பொருள்களில் ஒன்று, புதுச்சேரியில் சாயமிட்ட நீலத் துணி. 'கினே' என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த அந்த அவுரிச் சாயத் துணி இங்கிருந்து கப்பலேறி பிரான்சுக்குப் போகும். அங்கிருந்து செனகல். அங்கே அதைக் கொடுத்து அரபுப் பிசின் வாங்குவார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவின் துணி அச்சுப் பட்டறைகளுக்கு வேண்டியிருந்தது. மூர் வணிகர்கள் துணியைத் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, அசல் புதுச்சேரிச் சரக்கு எது, போலி எது என்று பிரித்தார்களாம். அதற்கு முந்தைய நூற்றாண்டில் இந்தியத் துணிகள் அடிமை வணிகத்திலும் விலையாகக் கொடுக்கப்பட்டன. நீலத்தின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் நீலச் சாயத்துக்கு உகந்தது என்று அன்றைய வணிகர்கள் நம்பினார்கள். தண்ணீருக்காகத் தேடி வந்த தொழில் இது. சாயக்காரர், வெளுப்பவர், நெசவாளர், தரகர், துபாஷி என்று ஒரு நகரமே அதைச் சுற்றி வளர்ந்தது. துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் கவர்னர்களும் போர்களும் வரும் அளவுக்குத் துணிக் கணக்கும் வருகிறது. 1820-களின் பிற்பகுதியில் எந்திர நூற்பாலை வந்தது. 1898-இல் முதலியார்பேட்டையில் ரோடியர் மில் என்று மக்கள் அழைத்த ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் (ஏ.எஃப்.டி.) வந்தது. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுக் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் 12 மில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த ரத்தத்தின் பயனாக அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலைச் சட்டம் கிடைத்தது. 2011 டிசம்பரின் தானே புயல் ஏ.எஃப்.டி. ஆலையைச் சிதைத்துப் போட்டது. 2020 ஏப்ரல் இறுதியோடு ஆலை அதிகாரப்பூர்வமாக மூடப்பட்டது.

மூடிய ஆலைகளைத் திறக்க வேண்டும், புதிய ஜவுளித் தொழில் வர வேண்டும் என்ற கோரிக்கை தேர்தல்தோறும் எழுகிறது. எழ வேண்டிய கோரிக்கைதான். வேலையில்லாமல் நிற்கும் மில் குடும்பங்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கின்றன. ஆனால் துணித் தொழில் என்றால் சாயமும் உண்டு, சாயம் என்றால் சாயத்தண்ணீரும் உண்டு. அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்பதை இப்போதே பேசிவிட வேண்டும். தொழில் வந்த பிறகு பேசிய ஊர்கள் என்ன ஆயின என்பதற்குச் சான்று தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கரையாத நீலமும் கரையும் வண்ணங்களும்

அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. அதைத் துணிக்குள் ஏற்றுவதற்கு முதலில் கரைய வைக்க வேண்டும். பழைய சாயக்காரர்கள் சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துத் தொட்டியை நாள்கணக்கில் புளிக்க வைத்தார்கள். புளிக்கும்போது நுண்ணுயிர்கள் நீலத்தை வேதிமாற்றம் செய்து, கரையக்கூடிய மஞ்சள்பச்சை வடிவத்துக்குக் கொண்டுவரும். துணியை அதில் முக்கி வெளியே எடுத்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் கண்ணெதிரே மறுபடி நீலமாகும். இழைக்குள் போய் அங்கேயே கரையாமல் தங்கிவிடும். புதுச்சேரியை ஒட்டியுள்ள ஆரோவில்லில் இப்படிப் புளிக்கவைத்த தொட்டிகளைப் பல ஆண்டுகளாகப் பேணிச் சாயமிடும் பட்டறை உண்டு.

1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதோடு அவுரி வயல்களின் காலம் இறங்கத் தொடங்கியது. புளிக்க வைக்கும் வேலையை ஹைட்ரோஸ் எடுத்துக்கொண்டது. சாயப்பட்டறைகளில் அந்தப் பெயரில் புழங்குவது சோடியம் டைதயோனைட். ஆனாலும் நீலத்தின் குணம் மாறவில்லை. கழிவுத் தண்ணீரில் காற்றுப் பட்டால் அது மறுபடி கரையாத துகளாகிவிடும். அதனால் ஜீன்ஸ் துணி ஆலைகள் சில, நுண்வடிகட்டிகள் வைத்து அலசிய தண்ணீரிலிருந்து நீலத்தைப் பிடித்து மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்புகின்றன.

பெரிய மாற்றம் 1956-இல் வந்தது. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 'புரோசியான்' என்ற பெயரில் ரியாக்டிவ் சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்ளும் சாயம் அது. பளிச்சென்ற நிறம், எத்தனை முறை துவைத்தாலும் போகாது, எந்த வண்ணமும் கிடைக்கும். இன்று நாம் உடுத்தும் பருத்திப் பின்னலாடைகளில் பெரும்பகுதி இந்தச் சாயத்தில் வந்தவைதான்.

இதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, தொட்டியில் போடும் சாயம் முழுவதும் இழையில் ஏறுவதில்லை. வகைக்கேற்ப 60 முதல் 90 சதவிகிதம் வரை பிடிக்கும். மீதி, தண்ணீரோடு வினைபுரிந்து பிணைப்புத் திறனை இழந்து கழிவில் கலக்கிறது. அது தண்ணீரில் நன்றாகக் கரையும். எளிதில் படியாது, நுண்ணுயிர்களுக்கும் எளிதில் இரையாகாது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாலே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நிறம் காட்டும்.

இரண்டாவது சிக்கல் பெரிது, ஆனால் கண்ணில் படாதது. நீரை விரும்பும் இந்தச் சாயத்தை இழையை நோக்கித் தள்ள உப்பு வேண்டும். சமையல் உப்பான சோடியம் குளோரைடு அல்லது கிளாபர் உப்பான சோடியம் சல்பேட். அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் என்று போட்டால், ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் எந்திரத்தில் 640 கிராம் உப்பு. இந்த உப்பு இழையில் ஏறுவதே இல்லை. வேலையை முடித்ததும் அத்தனையும் சாக்கடைக்கு. கறுப்பு டி-சர்ட் ஒன்றைக் கையில் எடுத்தால், அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட உப்பு எங்கோ ஒரு வடிகாலில் போயிருக்கிறது என்று பொருள்.

அன்னபேதியும் சுண்ணாம்பும்

சாயத்தண்ணீரைத் தெளியவைக்கும் வேதிமுறைகளில் மிகப் பழையது, மிக மலிவானது, இன்றும் அதிகம் புழங்குவது திரட்டிப் படியவைத்தல். கலங்கிய குடத்தில் நம் பாட்டிமார்கள் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டார்களே, அதே கொள்கைதான். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருப்பதால் படிவதில்லை. எதிர் மின்னூட்டம் கொண்ட ஒன்றைச் சேர்த்தால் விலக்கம் குறையும், துகள்கள் சேர்ந்து திரளும், எடை கூடிக் கீழே இறங்கும்.

சாயப்பட்டறையில் தேற்றாங்கொட்டையின் இடத்தில் படிகாரம், பாலி அலுமினியம் குளோரைடு, அல்லது பெரஸ் சல்பேட். பெரஸ் சல்பேட் என்பது நம் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்ற பெயரில் கிடைப்பதுதான். அதோடு சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தினால் இரும்பு, ஹைட்ராக்சைடாக மாறிப் பஞ்சுபோலத் திரண்டு, சாயத்தை இழுத்துக்கொண்டு அடியில் உட்காரும். எவ்வளவு போட வேண்டும் என்பதைச் சூத்திரம் சொல்லாது. ஒவ்வொரு நாளும் சாயம் வேறு, துணி வேறு. ஆறு குவளைகளில் ஒரே கழிவை ஊற்றி, வெவ்வேறு அளவு மருந்து சேர்த்து, ஒரே வேகத்தில் கலக்கிப் பார்ப்பார்கள். ஜார் டெஸ்ட் என்று பெயர். எந்தக் குவளை முதலில் தெளிகிறது என்று பார்த்து அன்றைய அளவை முடிவு செய்யும் அனுபவசாலியின் கண்ணை நம்பித்தான் பல சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. இந்த வேலைக்குக் கிடைக்கும் சம்பளமும் மரியாதையும் மிகக் குறைவு என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

கரையாத சாயங்களை இந்த முறை நன்றாகப் பிடிக்கும். நன்கு கரையும் ரியாக்டிவ் சாயத்தின் மிச்சம் பலநேரம் பிடி கொடுக்காது. அதற்கு அடுத்த ஆயுதம் ஆக்சிஜனேற்றம். சாய மூலக்கூறில் நிறத்தைத் தருவது தொடர்ச்சியான இரட்டைப் பிணைப்புகள். அசோ சாயங்களில் இரு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு. அதை அறுத்தால் நிறம் செத்துவிடும். குளோரின் மலிவாக அறுக்கும், ஆனால் குளோரின் ஏறிய புதிய கரிமச் சேர்மங்களைத் தண்ணீரில் விட்டுப்போகும். ஓசோன் சுத்தமாக அறுக்கும், கசடு வராது. ஆனால் அந்த இடத்திலேயே மின்சாரத்தால் உண்டாக்க வேண்டும், செலவு அதிகம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஹென்றி ஃபென்டன் 1894-இல் வெளியிட்ட வினை ஒன்று உண்டு. இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேரும்போது பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பு, எதிர்ப்படும் கரிமப் பொருளைத் தாக்கும் வேகத்துக்கு இணை அரிது. ஆனால் அதற்குத் தண்ணீரை முதலில் அமிலமாக்க வேண்டும், முடிந்ததும் சுண்ணாம்பு போட்டுச் சமன்செய்ய வேண்டும், இரும்புக் கசட்டை அள்ள வேண்டும்.

நிறம் போனால் நஞ்சு போயிற்று என்று பொருளாகாது. அசோ பிணைப்பு காற்றில்லாத சூழலில் அறுபடும்போது அரோமேட்டிக் அமின்கள் பிறக்கின்றன. அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. அந்த வகைச் சாயங்களை 1994-இல் ஜெர்மனி தடைசெய்தது. இந்தியாவும் அந்தப் பத்தாண்டுகளில் தடைசெய்தது. நிறமற்ற கழிவு நிறமுள்ள கழிவைவிட ஆபத்தாகவும் இருக்கலாம். சிவப்பாக ஓடும் வாய்க்காலைக் கண்டால் ஊரே கூடிக் கேள்வி கேட்கும். நிறத்தை மட்டும் எடுத்துவிட்டால் கேள்வி கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இத்தனை முறைகளில் ஒன்றுகூட உப்பைத் தொடுவதில்லை. அதற்கு மாறாக, சுண்ணாம்பும் அன்னபேதியும் அமிலமும் சேர்க்கச் சேர்க்கத் தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு, அதாவது டி.டி.எஸ்., கூடவே செய்யும்.

நொய்யலின் சாட்சி

திருப்பூரில் நடந்தது இதுதான். 1990-களின் பிற்பகுதியில் அங்கே பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பு, பெரஸ் சல்பேட், படியவைக்கும் தொட்டிகள். நிறம் ஓரளவு குறைந்தது. உப்பு அப்படியே நொய்யல் ஆற்றில் இறங்கியது. சென்னிமலைப் பக்கம் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது. தண்ணீர் கேட்டுப் போராடும் விவசாயிகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். அங்கே, அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகள் போராடினார்கள். கிணறுகள் உவர்த்தன, மண் இறுகியது, தென்னை காய்ந்தது. இழப்பை மதிப்பிட அமைக்கப்பட்ட ஆணையம் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிட்டது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது, அதன் பிறகும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. ஒரே நாளில் ஒரு நகரத்தின் பிழைப்பு நின்றது. முதலாளிகள் தாங்கினார்கள், வாடகை வீட்டில் இருந்த தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். தமிழக அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதன் பிறகுதான் ஒரு சொட்டும் வெளியேறாத முறை வேரூன்றியது.

அந்த முறையின் வேலை இப்படி: உயிரியல் சுத்திகரிப்பும் நிறநீக்கமும் முடிந்த தண்ணீரை எதிர்ச் சவ்வூடு பரவல் கருவிகளில், அதாவது ஆர்.ஓ.வில், பல கட்டமாக அழுத்துவார்கள். எண்பது சதவிகிதத்துக்கு மேல் நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்பும். எஞ்சும் அடர்ந்த உப்புக் கரைசலின் ஒரு பகுதியை மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புவார்கள். சாயத்துக்கு உப்பு வேண்டும்தானே. மீதியை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பாகப் பிரிப்பார்கள். தூய கிளாபர் உப்பு மறுபடி பயன்படும். எதற்கும் உதவாத கலப்பு உப்பும் கசடும் மூட்டைகளில் தேங்கும். கசட்டைச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள், அல்லது அபாயக் கழிவுக் கிடங்கில் புதைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மின்சாரமும் விறகும் செலவாகின்றன. இருந்தும் இதை நான் திருப்பூரின் சாதனையாகவே சொல்வேன். உலகின் எத்தனையோ சாய நகரங்கள் செய்யாததை அந்த ஊர் செய்தது, விருப்பத்தோடு அல்லாமல் நீதிமன்றம் கழுத்தைப் பிடித்த பிறகு என்றாலும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கிளாபர் உப்பும் ஹைட்ரோஸின் எச்சமும் சல்பேட்டாகக் கழிவுத் தொட்டியில் தேங்கும். காற்றுப் புகாத அடிக் கசட்டில் பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். தொட்டியைச் சுத்தம்செய்ய இறங்குகிறவர் மயங்கி விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். சாயக்கழிவுத் தொட்டியில் தொழிலாளர்கள் மாண்ட செய்திகள் மேற்குத் தமிழகத்திலிருந்து மீண்டும் மீண்டும் வருகின்றன. விபத்து என்று எழுதி முடித்துவிடுகிறோம். எந்த வாயு, எதிலிருந்து, ஏன் வரும் என்பது வேதியியல் பாடப்புத்தகத்திலேயே இருக்கும்போது, அளவுமானியும் காற்றோட்டமும் இல்லாமல் ஒருவரை உள்ளே இறக்குவது எப்படி விபத்தாகும்?

புதுச்சேரிக்கு நொய்யல் இல்லை

திருப்பூருக்குப் பவானி ஆறு உண்டு. குடிதண்ணீர் தொலைவிலிருந்து வந்துவிடும். புதுச்சேரி நகரம் குடிப்பது நிலத்தடி நீரை மட்டுமே. முத்திரைப்பாளையம் போன்ற இடங்களின் ஆழ்துளைக் கிணறுகளை நம்பித்தான் நகரத்தின் குழாய்கள். கிழக்கே கடல். அதிகம் உறிஞ்ச உறிஞ்ச, கடல்நீர் உள்ளே நகர்கிறது. கடலோரப் பகுதிகளில் குழாய்த் தண்ணீர் உவர்க்கிறது என்ற புகார் பழையதாகிவிட்டது. குடிதண்ணீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஜவுளி ஆலைகளுக்கான 2016-ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கை, சுத்திகரித்த கழிவில் 2,100 வரை அனுமதிக்கிறது. நிறத்துக்கு 150 அலகு என்ற வரம்பும் அதில் உண்டு. இரண்டு வரம்பையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. நிறம் வெயிலிலும் மண்ணிலும் காலப்போக்கில் சிதையும். மணற்பாறை அடுக்குக்குள் இறங்கிய உப்பு தலைமுறைக்கும் அங்கேயே கிடக்கும். சங்கராபரணியும் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் நம் நிலத்தடி நீருக்கு ஊட்டம் தருபவை. அவற்றின் நீர்வரத்துப் பகுதியில் உப்புக் கழிவை விட்டால், கிழக்கிலிருந்து கடல் செய்வதை மேற்கிலிருந்து நாமே செய்ததாகும்.

கடலில் விட்டுவிடலாமே என்று ஒரு வாதம் எழும். கடலுக்கு உப்பு புதிதல்லதான். ஆனால் கழிவில் உப்பு மட்டுமா இருக்கிறது? குழாய் பதிக்கும் கரை மீனவர்களின் கரை. அவர்களைக் கேட்காமல் அந்தப் பேச்சை எடுப்பதே தவறு.

சரியான வழி உப்பைத் தொட்டியிலேயே குறைப்பது. துணியைச் சாயக் கரைசலில் நனைத்து, பிழிந்து, சுருட்டி, பிளாஸ்டிக் தாளால் மூடிப் பல மணி நேரம் சாதாரண வெப்பத்திலேயே ஊறவிடும் கோல்டு பேட் பேட்ச் முறைக்கு உப்பே தேவையில்லை, தண்ணீரும் குறைவு. குறைந்த உப்பில் பிடிக்கும் சாயங்கள் சந்தையில் உள்ளன. குறைந்த நீரில் ஓடும் எந்திரங்கள் உள்ளன. கரையாமல் நின்று பிடிபடும் நீலம் போன்ற சாயங்களுக்கு இந்த ஊரில் இருநூறு முந்நூறு ஆண்டுப் பழக்கம் உண்டு. புதுச்சேரியில் புதிதாகத் தொடங்கும் எந்தச் சாயக்கூடமும் இவற்றோடு தொடங்க வேண்டும். கழிவுத் தண்ணீரைக் கடைசியில் மருந்து போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தோடு தொடங்கும் ஆலைக்கு இங்கே இடம் கொடுக்கக் கூடாது. வேலைவாய்ப்புக்கு எதிராக இதைச் சொல்லவில்லை. 2011 ஜனவரியில் திருப்பூரில் வேலை இழந்தவர்கள், முன்கூட்டியே செய்யாத இந்தக் கணக்குக்காகத்தான் இழந்தார்கள்.

புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் இசைவாணை கொடுக்கும் முன்பே, ஒவ்வொரு சாயக்கூடமும் மாதம் எத்தனை டன் உப்பு வாங்குகிறது, அதில் எத்தனை டன்னை மீட்கிறது என்பதைப் பதிவேட்டில் எழுதி வெளியிடக் கட்டாயப்படுத்த வேண்டும். வாங்கிய உப்புக்கும் மீட்ட உப்புக்கும் உள்ள வித்தியாசம் எங்கோ ஒரு மண்ணுக்குள் போயிருக்கிறது. இரவில் திறந்துவிட்டாலும் மழையில் திறந்துவிட்டாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதித் தொழிற்பேட்டையில் சாயமிடும் ஆலை இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டி ஒரு விண்ணப்பம் போடுங்கள். கழிவின் நிறம் என்ன என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். உள்ளே போகும் தண்ணீரின் டி.டி.எஸ்., வெளியே வரும் தண்ணீரின் டி.டி.எஸ்., மாதந்தோறும் வாங்கிய உப்பின் எடை, அனுப்பிய கசட்டின் எடை, அது போய்ச் சேர்ந்த இடம் ஆகிய ஐந்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.